இடது மரை

முத்துவேல் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் முதலில் குடத்தை வைத்தான். குடம் நிறைவதற்குள் பல் தேய்த்து முடித்தான். பால் பாக்கெட்டின் ஓரத்தைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றினான். சாயா கொதித்தது. குடித்தான். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தான்.

பிறகு ஸ்டீல் கிண்ணத்தில் வெந்நீர் எடுத்துக்கொண்டு சவரம் செய்ய உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்ய ஒரு காரணமும் இல்லை. செய்யாமல் இருக்கவும் இல்லை.

அந்தக் கிண்ணம் சவரத்துக்கு வாங்கியது அல்ல. பஜாரில் பாத்திரக் கடைக்குள் நுழைந்து, இருந்த கிண்ணங்களை எல்லாம் எடுத்துப் போடச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து சுமா பொறுக்கிய நான்கில் ஒன்று.

"பாயசத்துக்கா மோளே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வண்டிச் சக்கரத்துக்கு" என்றாள்.

அவர் நான்கையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

மூன்று கிண்ணங்கள் இடக்கொச்சியில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், விளிம்பு வெட்டி, துளை போட்டு, பளபளப்பு ஏற்றி, மூன்று சக்கரங்களின் நடுவில் மூடியாக உட்கார்ந்துவிட்டன. நான்காவது இங்கே சோப்பு நுரையோடு இருக்கிறது. அது உட்கார வேண்டிய சக்கரம் இன்னும் வண்டியை விட்டுக் கழலவில்லை.

இன்றைக்குக் கழற்றியே ஆக வேண்டும் என்று பினு சொல்லியிருந்தான்.

பினு சுமாவின் தம்பி. சொன்னபடி வந்து கீழே நின்று ஹாரன் அடித்தான். முன்பெல்லாம் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி, அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்ப்பான். இப்போது ஹாரன்தான்.

"சேட்டா! வண்டி வாங்குற ஆளு கொறச்சு நேரத்துல எத்தும். சாவி எடுத்திட்டு வா!"

சுமா இருந்தவரை 'அளியா' என்று கூப்பிட்டான். அக்காள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் இங்கே. காரியம் முடிந்த மறுவாரம் அது 'சேட்டா' ஆனது. சேட்டா என்று படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கிறவரையும் கூப்பிடலாம்.

முத்துவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தான்.

பஜார் அடைத்துக் கிடந்தது. கடைப் படிகளில் ஆடுகள் படுத்திருந்தன. கிடங்குகளின் பூட்டிய கதவு இடுக்கு வழியாகச் சுக்கு மணம் வந்தது. வாரம் ஆறு நாளும் இதே தெருவில் ஒரு கிடங்கில் மிளகைச் சலித்து, உருட்டி, கடித்துப் பார்த்துத் தரம் சொல்வது முத்துவேலின் வேலை. இப்போது எந்த மிளகும் ஒரே மாதிரி காரமாக இருந்தது. முதலாளியிடம் அதைச் சொல்லவில்லை.

"வெங்கிட்டு சாமி நல்ல ஆளாக்கும்" என்றான் பினு. "ஆலுவால ஆத்தங்கரையில கல்யாண மண்டபம், ரிசார்ட்டு எல்லாம் உண்டு. வண்டிய பொன்னு போல நோக்கும்."

"ஓட்டுவாரா?"

"ஓட்டுறதெந்தினா? நிறுத்தி வைக்கும். ஜனம் போட்டோ எடுக்கும்."

"சரி."

"சேட்டனுக்கு இஷ்டமில்லேன்னு எனக்கு அறியும். பட்சே வண்டி அம்மே பேருல. அம்மே சம்மதிச்சாச்சு."

முத்துவேல் மறுபடியும் சரி என்றான். இந்தப் பத்து மாதத்தில் அந்தச் சொல் அவனுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

வண்டி மாமனார் ரங்கசாமியுடையது. முன்னால் ஜீப்பின் முகம், பின்னால் திறந்த தொட்டி என்று எழுபதுகளில் வந்த பிக்கப். மட்டாஞ்சேரிக் கிடங்குகளிலிருந்து மிளகும் மஞ்சளும் ஏற்றிக்கொண்டு ஆலுவா ரயிலடி வரை ஓடியது. அவர் போன பிறகு வீட்டை ஒட்டிய ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் முடங்கியது. அந்தத் தார்ப்பாயைத் தூக்கியவள் சுமா. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, மெக்கானிக்குகள் கேட்கும் சாமானைப் பெயர் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துப் போடுகிறவள். விருதுநகரில் பி.காம். முடித்துவிட்டு இங்கே பிழைக்க வந்த முத்துவேலுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, அவள் கேட்பதை எடுத்துக் கொடுத்தான். பாதி நேரம் தப்பாக எடுத்துக் கொடுத்தான்.

சக்கரங்களை முதலில் எடுத்தார்கள். வலது பக்கம் இரண்டும் சுலபமாக வந்தன. இடது பின்சக்கரத்தைத் தானே கழற்றுவதாக முத்துவேல் ஸ்பேனரை வாங்கினான். எல்லா நட்டையும் போல இடப்பக்கமாகத் திருப்பினான். வரவில்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்றான். போல்ட் முறிந்து அவன் கீழே விழுந்தான்.

"பொட்டிச்சல்லோ!" என்று தலையில் கை வைத்தாள் சுமா. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள். "எந்தினா முத்தேட்டா பலம் காட்டுறது? இந்த வண்டிக்கு இடது பக்கம் மரை எதிராக்கும். வலத்தோட்டு திரிச்சா அழியும். இடத்தோட்டு திரிச்சா முறுகும், பின்னேயும் திரிச்சா பொட்டும்."

ஓடுகிற ஓட்டத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் இடது சக்கரங்களுக்கு அப்படி வைப்பார்களாம். முறுகும் என்றால் இறுகும், பொட்டும் என்றால் முறியும், அழியும் என்றால் கழலும். கொச்சிக்கு வந்த புதிதில் அந்தச் சொல் அவனைத் திடுக்கிட வைத்திருக்கிறது. இங்கே நட்டை அழிப்பார்கள், முடிச்சை அழிப்பார்கள், வேட்டியை அழித்து வேறு கட்டுவார்கள். எதுவும் அழிந்து போகாது.

முறிந்த போல்ட்டுக்குப் பதில் வேறு போட்டு, மூன்று சக்கரங்களையும் துரு நீக்கி, பால் ஏடு நிறத்தில் சாயம் அடித்து, விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு இழுத்தாள். நூல் பிடித்த மாதிரி கோடு. கையாலேயே இழுத்தாள். இடது முன்சக்கரத்தின் நட்டுகள் மட்டும் இறுகிப் போயிருந்தன. தினமும் சாயங்காலம் எண்ணெய் விட்டு ஊற வைத்தாள். இன்னும் இரண்டு வாரம் ஊறட்டும், பின்னே நான் செய்தோளாம் என்றாள். செய்துகொள்கிறேன் என்பதை அப்படித்தான் சொல்வாள்.

அந்த இரண்டு வாரத்துக்குள் மழை வந்தது. கடல் ஏறிக் கால்வாய் நிறைந்து, ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர். காய வைத்திருந்த மூன்று சக்கரங்களும் நனைகின்றன என்று சுமா உள்ளே இறங்கினாள். தகரம் கீறிய காயம் காலில் ஆறாமல் இருந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பரணில் ஏற்றிவிட்டு வந்து, குளித்து, மீன் குழம்பு வைத்தாள். அடுத்த வாரம் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டது.

சக்கரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். சுமாவின் அம்மா. தென்காசியிலிருந்து ரங்கசாமிக்குக் கட்டிக்கொடுத்து வந்தவள். மடியில் வண்டியின் பெயர் மாற்றும் காகிதம் இருந்தது. காற்றில் பறக்காமல் அதன் மேல் கை வைத்திருந்தாள். மகள் போன நாளிலிருந்து அவள் ஷெட்டுக்குள் கால் வைத்ததில்லை.

முத்துவேலைப் பார்த்ததும் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினாள். பினுவிடம்தான் பேசினாள். முத்துவேலின் காதில் விழும்படி பேசினாள்.

"வந்தாச்சா தொரை? செரைச்சுப் பவுடர் போட்டுல்ல வந்திருக்காரு. பொண்டாட்டி செத்து வருசம் திரும்பல. சக்கரத்துக்குச் செவப்புக் கோடு, கதவுக்குப் பாலீஷு."

"அம்மே, மதி" என்று தடுத்தான் பினு.

"என்னத்த மதி? எம்மவள முழுங்குன வண்டி இது. முழுங்கிட்டு என்னமா மினுங்குது பாரு."

முத்துவேல் உள்ளே போனான்.

வண்டி மினுங்கத்தான் செய்தது. இந்தப் பத்து மாதத்தில் மீதி வேலையை அவன் முடித்திருந்தான். கதவின் நெளிவைத் தட்டி எடுத்தான். தொட்டியின் பலகைகளை மாற்றினான். பிரேக் டிரம்மைச் சுரண்டிக் கறுப்பு அடித்தான். புது டயர் போட்டான். மூன்று சக்கரங்களை மாட்டி, கிண்ணங்களைப் பொருத்தினான். துக்கத்தை மறக்க வேலை செய்கிறான் என்று தெருவில் சொன்னார்கள். மறப்பதற்கு முதலில் அது வர வேண்டும். அவனுக்கு வந்தது மரத்துப்போன ஒன்று. பல் டாக்டர் ஊசி போட்ட வாய் மாதிரி.

இடது முன்சக்கரத்தை மட்டும் அவன் தொடவில்லை. செம்பழுப்புத் துருவோடு, வழுக்கை டயரோடு அது அப்படியே நின்றது. தினமும் சாயங்காலம் கிடங்கிலிருந்து வரும் வழியில் ஷெட்டுக்கு வந்து ஐந்து நட்டுகளிலும் எண்ணெய் விட்டான். எண்ணெய் விடுவது தொடுவதில் சேராது என்று வைத்துக்கொண்டான்.

வெங்கிட்டு வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். பாலக்காட்டிலிருந்து ஆலுவாவில் குடியேறிய குடும்பம். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் கூலிங் கிளாஸ். வண்டியைச் சுற்றி வந்தார். தொட்டியைத் தட்டினார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"பேஷ்! யாரு போட்டது இந்தக் கோடு?"

அங்கம்மாள் மடியிலிருந்த காகிதத்தை நீவிவிட்டாள்.

"நன்னா இருக்கு. பொண்ணும் மாப்பிள்ளையும் இந்தத் தொட்டில ஏறி நின்னுண்டா எப்படி இருக்கும், நினைச்சுப் பாருங்கோ! சுத்தி முல்லைப் பூ. எஞ்சினைக் கழட்டிடலாம், வெறும் பாரம். அந்த இடத்துல ஐஸ்கிரீம் பெட்டி வச்சுடுவேன்."

"ஐஸ்கிரீம்" என்றான் முத்துவேல்.

"ஏன், குழந்தைகள் சாப்பிடாதோ?" வெங்கிட்டு சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். துருப்பிடித்த சக்கரத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "இது என்ன ஓய், மூணு கல்யாண கோலத்துல இருக்கு, ஒண்ணு மட்டும் சன்னியாசியாட்டம் நிக்கறது?"

"இப்போ அழிக்கும் சாமி" என்றான் பினு. "வெளுப்பிச்சு, சாயம் அடிச்சு, ஆலுவால கொண்டாந்து தரும். ஒரு பிரச்சினையும் இல்ல."

"நாலும் ஒண்ணா இருந்தாத்தான் எடுத்துப்பேன். போட்டோல விழும் பாருங்கோ. இன்னிக்கே கழட்டறதை நான் பார்த்துட்டுப் போறேன். அந்த அம்மா கையெழுத்தும் ஆயிடட்டும்."

பினு பேனாவை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். அங்கம்மாள் வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறக்கவில்லை.

"சக்கரம் கழலட்டும். பெறவு போடுதேன்."

பினு நீளமான இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தான். ஸ்பேனரின் பிடியில் அதைச் செருகினால் பலம் கூடும். அவன் பைக் ஷோரூமில் வேலை செய்கிறவன். புதுச் சாவி, புது வண்டி. அப்பாவின் பிக்கப்பை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. கிரீஸ் பட்டால் சட்டை கெடும் என்று சின்ன வயதிலேயே விலகிப் போனவன். அப்பாவின் பக்கத்தில் குந்தியது அக்காள்தான்.

"சேட்டா, ஒரு கை பிடி."

"நான் தொட மாட்டேன்."

"எந்தா?"

"நான் தொட மாட்டேன் பினு."

பினு குழாயைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"சேட்டன் நினைக்குது, எனக்குக் காசு மோகம்னு. தினமும் காலைல கதவு தொறந்தா இந்த வண்டி. சேச்சி இதுக்கடியில கெடந்து ஸ்பேனர் கேக்குற மாதிரி தோணுது. அம்மே ராவிலே சோறு எறக்கல. இது போனாத்தான் நாங்க வாழும். தொடலேன்னா மாறி நில்லு."

முத்துவேல் விலகி நின்றான்.

"பிரி போயி" என்றான் பினு, வெங்கிட்டைப் பார்த்து, தலையைச் சுட்டிக் காட்டி. மரை கழன்றவன் என்று அர்த்தம்.

கழலாததுதான் இப்போது பிரச்சினை.

பினு முதல் நட்டில் ஸ்பேனரைப் பொருத்தினான். இடப்பக்கமாகத் திருப்புவதற்குத் தோதாகக் குழாயைப் போட்டான். எல்லா வண்டிக்கும் கழற்றுகிற பக்கம். இந்தச் சக்கரத்துக்கு இறுக்குகிற பக்கம்.

முத்துவேல் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிர். அவ்வளவுதான். சொன்னால் குழாயை மறுபக்கம் போடுவான். பத்து மாதம் எண்ணெயில் ஊறிய நட்டு, வெண்ணெய் மாதிரி வரும். பிறகு காகிதத்தில் கையெழுத்து. பிறகு ஐஸ்கிரீம்.

வாய் மரத்துத்தான் இருந்தது. திறக்கவில்லை.

"வரலையா?" என்றார் வெங்கிட்டு.

"துரு. இப்போ வரும்."

பினு குழாயின் நுனியில் இரண்டு கைகளையும் ஊன்றித் தன் முழு எடையையும் போட்டான். நரம்பு புடைத்தது. நட்டு கால் சுற்று நகர்ந்தது. அவன் முகம் மலர்ந்தது. "கண்டோ!" என்றான்.

டப்பென்று முறிந்தது. குழாய் தரையில் மோதி எகிறியது. பினு முட்டியை ஊன்றி விழுந்தான். நட்டும் போல்ட்டின் நுனியும் சேர்ந்து உருண்டு போய் வெங்கிட்டின் செருப்பருகில் நின்றன.

"அடடா! கையில பட்டுதா?"

"இல்ல சாமி. ஒண்ணு போனா போகட்டும். நாலு உண்டல்லோ."

அவன் எழுந்து இரண்டாவது நட்டில் ஸ்பேனரை வைத்தான். இப்போதும் சொல்ல நேரம் இருந்தது. முத்துவேல் உருண்டு வந்த துண்டைப் பார்த்தான். முறிந்த முகம் வெள்ளியாக மினுங்கியது. துரு வெளியே மட்டும்தான். உள்ளே இரும்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இரண்டாவதும் முறிந்தது.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வாசலில் நாற்காலி சாய்ந்தது. காகிதத்தையும் பேனாவையும் கையில் பிடித்தபடியே அங்கம்மாள் ஷெட்டுக்குள் வந்துவிட்டாள். உள்ளே வந்ததை அவளே கவனிக்கவில்லை.

"ஏல! எந்தப் பக்கம் திருப்புத நீ?"

"இடத்தோட்டு. பின்னே எங்கோட்டு?"

"கூறுகெட்ட பயலே! இது இடது மரைல்லா! ஒங்கப்பன் காலமெல்லாம் தலப்பாடா அடிச்சுக்கிட்டாரே, இடது பக்கச் சக்கரத்த எதுக்கத் திருப்பணும், எதுக்கத் திருப்பணும்னு. டயர்க்கடைக்கு வண்டிய விட்டா எறங்கிப் பக்கத்துலயே நிப்பாரு. அந்த மனுசனுக்குப் பொறந்துட்டு ரெண்டு போல்ட்ட முறிச்சு வச்சிருக்கியே!"

"எனக்கெப்படி அறியும்? யாரும் பறஞ்சில்ல!"

"ஒங்கக்காளுக்குத் தெரியும். அவ…"

அங்கம்மாள் நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பி, இத்தனை மாதத்தில் முதல் முறையாக முத்துவேலின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

வெங்கிட்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இது தன் ஊர் விவகாரம் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுக்கோங்கோ. அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். கழட்டி வச்சிருந்தா சந்தோஷம். இல்லேன்னா கேஸ் கட்டரோட என் ஆளையே கூட்டிண்டு வரேன். அறுத்து எடுத்துடுவான். எனக்கு எஞ்சினும் வேண்டாம், அச்சும் வேண்டாம்."

கார் போய்விட்டது. பினு கன்னத்தில் கிரீஸோடு பின்னாலேயே ஓடி, சந்து முனையில் நின்றுவிட்டான்.

ஷெட்டில் இரண்டு பேர். நடுவில் வண்டி.

"ஒனக்குத் தெரியும்லா?" என்றாள் அங்கம்மாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா நின்ன? ரெண்டு முறியுத வரைக்கும்?"

"ஆமா."

"அம்புட்டு வன்மமா? எம்மவ கழுத்துலருந்து தாலிய அவ உசுரோட இருக்கையில ஒங்கையால கழத்துன. ஒரு மஞ்சக் கயிறு கட்டிட்டுக் கழத்தணும்ங்கற புத்தி கூட இல்ல. இப்ப எம்மவன் கையி முறிஞ்சாலும் பாத்துக்கிட்டு நிப்ப."

தாலி விஷயத்தில் அவள் சொன்னது நடந்ததுதான். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நர்ஸ் தாலிச் சங்கிலியைக் கேட்டாள். சுமா கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தாள். அவன் கழற்றினான். மஞ்சள் கயிறு நினைவுக்கு வரவில்லை. டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அவனும் கதவு வரை கூடவே போனான். கதவு இழுத்து மூடிக்கொள்கிற வகை. கதவுக்கு வெளியே, மருந்துச் சீட்டோடு ஓடி வந்த அங்கம்மாளின் காதில் மகளின் குரல் ஒரே ஒரு சொல்லாக விழுந்தது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் சாவு வீட்டுக்கு வந்த தென்காசிச் சொந்தங்கள் எல்லோரிடமும் அவள் சொன்னாள். என் மகள் கடைசியாகத் தாலியை அழிச்சோ என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்தக் காதால் கேட்டேன்.

கொச்சியில் அழிச்சோ என்றால் கழற்றிக்கொள்; தென்காசிக்காரர்களுக்கு அழிப்பது என்றால் அழிப்பதுதான். இந்தப் பயலோடு என்ன வாழ்ந்தாளோ பாவம், தாலியையே அழிக்கச் சொல்லியிருக்கிறாள் என்று பேசிக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

அவன் மறுக்கவில்லை. முதல் மாதம் மறுக்கத் தெம்பில்லை. பிறகு கேட்க ஆளில்லை. அதோடு, சுமா சொன்னது சாகப்போகிறவர்கள் சொல்கிற மாதிரிப் பேச்சும் இல்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்பினால் சிரிப்பார்கள்.

"வாயத் தொறந்து சொல்லு" என்றாள் அங்கம்மாள். "ஏன் சொல்லாம நின்ன? நீயே கழத்தியிருக்கலாம்லா? ஒனக்கு மரை தெரியும். தெனம் வந்து எண்ணெ ஊத்துத, நானும் சன்னல் வழியா பாக்கத்தான் செய்யுதேன். ஊத்துத, ஆனா ஒரு நாளும் ஸ்பேனர வைக்கல. என்னல உன் கணக்கு?"

"என்னைத் தொட வேண்டாம்னு சொல்லியிருக்கா."

"எவ?"

"சுமா."

"எப்பம்?"

"உள்ள கொண்டு போறப்ப."

அங்கம்மாளின் கையில் காகிதம் நொறுங்கியது.

"பொய் சொல்லாத. உள்ள கொண்டு போறப்ப அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும். அழிச்சோன்னா. நான் கேட்டேன்."

"கதவு மூடிருச்சு அத்தை. நீங்க கேட்டது பாதி."

வெளியே பினு திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தவன் அம்மா உள்ளே நிற்பதைப் பார்த்து அங்கேயே நின்றான்.

அங்கம்மாள் மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள். சுமா சிரிப்பு வந்தபோது பிடித்துக்கொண்ட அதே மட்கார்டு. பேனாவை இன்னும் கையில் வைத்திருந்தாள். குரல் எங்கேயோ கீழே போய்விட்டது.

"மீதி என்னன்னு சொல்லு, மாப்ளே."

அவன் அவளுக்கு நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவைப் பார்த்துக்கொள் என்றாள், தம்பியைப் பார்த்துக்கொள் என்றாள் என்று. அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள். அழுதிருப்பாள். எல்லாம் சரியாகியிருக்கும்.

ஆஸ்பத்திரி டிராலியின் ஒரு சக்கரம் கோணலாக ஓடியது. கீச்சுக் கீச்சென்று சத்தம். காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்த சுமா அதைக் கேட்டுக்கொண்டே போனாள். கதவைத் தாண்டும்போது முகமூடியைக் கையால் விலக்கினாள். நர்ஸ் திட்டினாள். அவள் பொருட்படுத்தவில்லை. தலையைத் தூக்கி அவனைத் தேடினாள். கண்டுபிடித்ததும், ஷெட்டில் கண்டிக்கும்போது வருகிற அதே முகத்தோடு சொன்னாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

எந்த வார்த்தையையும் மாற்றாமல், அவள் பாஷையிலேயே அவன் சொன்னான்.

"முன்னாடி இடது வீலு மட்டும் முத்தேட்டன் தொட வேண்டா. தொட்டா பொட்டும். நான் வந்திட்டு அழிச்சோளாம்."